அவருடைய அட்டையில் ஒரு கட்டு

இத்தாலியில், பலேர்மோ நகரத்துப் பிரான்காச்சோவில் ஒரு சலவைத் தொழிற்சாலை இருந்தது. நகரத்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவாயும் அங்கேதான் வந்து, தோய்த்து, காய்ந்து, அழுத்தி, மடித்துத் திரும்பிப் போகும். வேலை செய்தவர்களில் பாதிக்குமேல் எங்கள் ஆட்கள். அவர்களிலும் அநேகமானோர் சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் படிப்பிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் அப்போது பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொண்டிருந்தேன். குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, நாள் முழுக்க அவருடைய முணுமுணுப்பைக் கேட்பது, இதுதான் வேலை. கொழும்பில் ஒரு ஆடைத் தொழிற்சாலை அலுவலகத்தில் ஈ.ஆர்.பி. மென்பொருளைப் பொருத்தி ஆட்களைப் பழக்கிய காலம் எனக்கும் ஒன்று இருந்தது. அதை இங்கே யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னாலும் பீங்கான் கழுவுகிறவளுக்கு அது ஒரு நகைபோலத்தான், போட்டுக்கொண்டு போக ஓர் இடமும் இல்லை.

சலவைத் தொழிற்சாலை முதலாளி சிஞ்ஞோராவின் தங்கை மகன். ஒரு மத்தியானம் வந்து பெரியம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தார். பெரிய விலைக்கு ஒரு சிஸ்டம் வாங்கிப் போட்டாராம். வட இத்தாலியிலிருந்து ஒருவர் வந்து படம் காட்டிப் படிப்பித்தாராம். தமிழர் எல்லோரும் "சி, சி", அதாவது ஓம் ஓம் என்று தலையாட்டினார்களாம். அவர் ரயில் ஏறியதும் எல்லாவற்றையும் தலைகீழாகத் தட்டுகிறார்களாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோப்பியை வைத்துக்கொண்டே, "எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று படிப்பித்தால் அப்படித்தான் இருக்கும், அமத்தினால் எங்கே போய் முட்டும் என்றல்லவா முதலில் காட்ட வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். கதிரை வாய் திறந்து கதைத்ததுபோல என்னைப் பார்த்தார். அடுத்த கிழமை நான் ரீச்சர்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் கோயில் மண்டபத்தில், பூசை முடிந்த பிறகு. நான் மன்னார், வேதக்காரி. வந்தவர்களில் பலர் சைவக்காரர், இருந்தாலும் மாதா சுருபத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். முதல் நாள் கணினியை நான் திறக்கவே இல்லை. கரும்பலகையில் ஒரு தண்ணீர்த் தொட்டியை வரைந்தேன்.

பலேர்மோவில் பழைய கட்டடங்களில் இருந்தவர்களுக்குத் தொட்டியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. மேல்வீட்டுக்காரனுக்கு ஏறவில்லை என்று அவன் ஒரு மோட்டார் பூட்டுவான். அது இழுக்கிற இழுவையில் பக்கத்து வீட்டுக்கு வராது, அவன் இன்னும் பெரிய மோட்டார் பூட்டுவான். கடைசியில் கட்டடம் முழுக்க மோட்டார் இரையும், குழாயில் காற்று வரும். இதில் யார் கெட்டவன் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றார்கள். சிஸ்டம் என்றால் இதுதான் என்றேன். ஓடர், களஞ்சியம், வேலைநேரம், சம்பளம், பில் எல்லாவற்றையும் ஈ.ஆர்.பி. ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் உங்கள் மேசையில் ஒன்றைத் தட்டினால் அது இன்னொருவருடைய சோற்றைத் தொடும். போட்டது திரும்பி வரும், ஆனால் சுணங்கி வரும், வேறு கதவால் வரும். அழகாகத்தான் சொன்னேன். சொல்லுவதற்கு என்ன, வாய் இருக்கிறதுதானே.

அந்த வகுப்பில் ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், கிளிநொச்சிப் பக்கம். இடது கையில் ஷெல் துண்டு பாய்ந்து மூன்று விரல் மடங்காது. முதல் நாளே எழுந்து நின்று, இந்தப் படிப்புக்கு ஒரு கடுதாசி தருவீர்களா, அது கொந்தராத்துக்கு, வேலை ஒப்பந்தத்துக்கு, உதவுமா என்று கேட்டார். ஏன் என்றேன். மனைவியும் மகளும் ஊரில். மகளுக்குப் பதினேழு. பதினெட்டு முடிந்துவிட்டால் பிள்ளை என்ற கணக்கில் கூப்பிட முடியாது, சட்டம் அப்படி. அதற்கு முதல் மனு போட வேண்டும். மனுப் போட ஒரு வருடக் கொந்தராத்து வேண்டும். அவருக்கோ மூன்று மூன்று மாதமாக நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டம் ஒழுங்காக ஓடத் தொடங்கினதும் அதில் யாருடைய கணக்கு நன்றாக இருக்கிறதோ அவர்களுக்கு ஒரு வருடம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். இது எல்லோருக்கும் தெரியும். அவருடைய கை எல்லோருக்கும் முன்னால்தான் இருந்தது. விரிப்பு மடிக்க இரண்டு மூலையையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். அவர் ஒரு மூலையை முழங்கையால் அமத்திப் பிடித்து இழுப்பார்.

அடுத்த கிழமை ஒரு விளையாட்டு வைத்தேன். ஐந்து மேசை போட்டு, இது ஹோட்டல், இது தோய்க்கிற இடம், இது காய்கிற இடம், இது அழுத்துகிற உருளை, இது மடிக்கிற மேசை என்று பிரித்தேன். கோயில் குசினித் துணிகள்தான் சாமான். ஒருவரும் கதைக்கக் கூடாது, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிப் பக்கத்து மேசைக்குக் கொடுக்க மட்டும் செய்யலாம். கொழும்பில் எத்தனையோ தரம் இந்த விளையாட்டை வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தன்தன் மேசையைப் பார்த்து ஓடர் கொடுக்க, ஓரிடத்தில் மலைபோலக் குவியும், இன்னோரிடம் காயும், பிறகு சண்டை வரும். அந்தச் சண்டைக்குள்தான் பாடம் இருக்கிறது.

இங்கே ஒன்றும் குவியவில்லை. எனக்கு விளங்கவே இல்லை. பிறகு குனிந்து பார்த்தால், மேசைக்குக் கீழால் கைகள் போய்வருகின்றன. யாரிடம் குறைகிறதோ அவருடைய மடிக்குள் ஒரு துணி சத்தமில்லாமல் போகிறது. இது என்ன கூத்து என்று கத்தினேன். மடிக்கிற மேசையில் இருந்த முல்லைத்தீவுக்காரி, எல்லோரிலும் வேகமான கை அவளுடையது, ஒன்றும் தெரியாதவள்போல நிமிர்ந்து பார்த்தாள்.

"கதைக்க வேண்டாம் எண்டுதானே சொன்னீங்கள், ரீச்சர். நாங்கள் கதைக்கேல்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்த மனிதர்தான் எல்லோரிலும் பலமாகச் சிரித்தவர்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகப் படித்தார்கள். இரண்டு மாதத்தில் சிஸ்டம் ஓடத் தொடங்கியது. மடிக்கிற மேசைகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, சுவரில் ஆணியில் தொங்கும். கட்டு ஒன்று முடிந்தால் அட்டையைக் கருவியில் காட்டி, பிறகு கட்டின்மேல் ஒட்டியிருக்கும் பார்கோடு துண்டைக் காட்ட வேண்டும். "கீச்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அந்தக் கட்டு உங்கள் பெயரில் ஏறிவிடும். யார் எவ்வளவு என்று முதலாளியின் திரையில் மட்டும்தான் தெரியும்.

கோடையில் ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகம் முழுக்கச் சந்தோஷம். திரையைத் திருப்பிக் காட்டினார். வேலையாட்களின் வேகம் நிறம் நிறமான கம்பங்களாக நின்றது. எல்லாவற்றையும் விட உயரமான கம்பத்துக்குக் கீழே மடங்காத விரல்காரருடைய பெயர். இது பிழையாக இருக்கும் என்றேன். கணினி பிழை விடாது, படிப்பித்ததே நீங்கள்தானே என்று சிரித்தார். சிஸ்டமே அவரைத் தெரிந்தெடுத்திருக்கிறதாம். புதிதாக வாங்கிய பெரிய உருளைக்கு, விடியக்காலை முறையில், தனி ஆளாக. ஒரு மாதம் இதே வேகத்தில் செய்து காட்டினால் ஒரு வருடக் கொந்தராத்து. அவரிடம் ஏற்கெனவே சொல்லியும் விட்டாராம்.

அந்த ஞாயிறு அவர் வகுப்புக்கு வரவில்லை. குடும்பம் வந்தால் இருக்க வீடு பார்க்கப் போனார், மடிப்புக் குலையாத சட்டை போட்டுக்கொண்டு போனார் என்றார்கள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். யார் அவருடைய அட்டையைத் தட்டினது?

முல்லைத்தீவுக்காரிதான் முதலில் சொன்னாள், தான் ஒரு நாளைக்கு ஒரு கட்டுத்தான் அவருடைய அட்டையில் போட்டதாக. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவரும் ஒரு கட்டுத்தான். பின்வரிசையில் இருந்த தாயும் மகளும் தங்களுக்குள்கூடச் சொல்லாமல் ஆளுக்கு ஒரு கட்டு. இப்படியே மண்டபத்தைச் சுற்றி வந்தது. ஒருவர் விடாமல் எல்லோரும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. சொன்னால் கதை அவருடைய காதுக்குப் போய்விடும், மனிதர் கூசிப்போவார் என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விசர்க் கூட்டம் என்று பேசினேன். ஒருவர் கொடுத்திருந்தால் காணும், இரண்டு பேர் கொடுத்திருந்தால் காணும், கதைத்துப் பேசியல்லவா செய்திருக்க வேண்டும் என்று கத்தினேன். பேசி முடிய முல்லைத்தீவுக்காரி மெதுவாகச் சொன்னாள்.

"முகாமிலை தண்ணிக்கு வாளியளை வரிசையிலை வைச்சிட்டுப் போவம், ரீச்சர். குழாயடியிலை நிக்கிறவர் தன்ரை வாளியை நிரப்பிப்போட்டு, முன்னாலை கிடக்கிற வாளியையும் நிரப்பி வைப்பார். ஆரின்ரை வாளி எண்டு பாக்கிறேல்லை. நிரப்பினது ஆர் எண்டு சொல்லுறதுமில்லை. சொன்னால் அந்தாள் கும்பிட்டுக்கொண்டு நிக்கவேணுமெல்லே."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். என்னத்தைப் படிப்பிக்க இவர்களுக்கு. கணினிக்கு வாளி நிறைந்தது மட்டும்தான் தெரியும், நிரப்பிய கைகள் தெரியாது. நிறைந்த வாளிக்காரரைப் பிடித்து, இவர் பெலசாலி, இவருடைய தலையில் இன்னும் ஏற்று என்று அது கணக்குப் போட்டுவிட்டது. பெரிய உருளையில் அவர் தனி. அங்கே பக்கத்து மேசையும் இல்லை, ஆணியில் தொங்கும் அட்டையும் இல்லை.

புதன்கிழமை பிரான்காச்சோ பஸ் நிற்கும் இடத்தில் அவரைப் பிடித்தேன். பூசி மெழுகாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நாளாகக் கை பழகிவிட்டது, அதனால்தான் முதலாளி சொன்ன கணக்கு அவ்வளவு கூடியிருக்கிறது என்று நினைத்திருந்தாராம். மனைவிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். அதைக் கேட்டபோது எனக்கு ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது.

பெரிய உருளைக்குப் போகாதே தம்பி என்று சொன்னேன். போகமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்றார். சரிதான். அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் யாராவது ஒருவர் தலையில் விழும். ஒரு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு செய்து பார்க்கிறேன் என்று பஸ்ஸில் ஏறினார்.

செய்து பார்த்தார். முறை தொடங்கும் முன்னமே போய் நின்றார். சாப்பிட வெளியே வருவதில்லை. அந்த உருளைக்குள் ஈர விரிப்பை இரண்டு கையாலும் விரித்து நேராகக் கொடுக்க வேண்டும், கோணலாகப் போனால் சுருண்டுகொண்டு சிக்கும், சிக்கினால் நிறுத்தி உருவ வேண்டும். உருவி உருவி முன்கை முழுக்கச் சூட்டுக் காயம். ஹோட்டல் லொறிகள் வாசலில் காத்து நின்றன. ஹோட்டல்காரர்கள் தொலைபேசியில் கத்தினார்கள். மடிக்கிற மேசைக்காரர்கள் இடைவேளையில் ஓடிப்போய்க் கைகொடுக்கப் பார்த்தார்கள், மேற்பார்வைக்காரர் துரத்திவிட்டார். ஆளாளுக்கு இடம் பிரித்துக் கொடுத்ததும் சிஸ்டம்தான்.

மாதம் முடியவில்லை. மொழிபெயர்க்க வா என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். அந்தச் சின்ன அலுவலகத்தில் முதலாளி கதிரையில், நானும் விரல் மடங்காதவரும் நின்றுகொண்டு. திரையில் அந்த உயரமான கம்பமும் பக்கத்தில் இந்த மாதத்துக் குட்டைக் கம்பமும். முதலாளி கெட்ட மனிதரல்ல, அன்றைக்கு உண்மையாகவே மனம் நொந்துபோயிருந்தார். அவர் கேட்டது நேரான கேள்வி. ஒன்றில் இந்த மனிதர் வேண்டுமென்று வேலையைக் கெடுக்கிறார், அல்லது முந்தின கணக்குப் பொய். பொய் என்றால் மேசைகளுக்கு மேலே கமெரா இருக்கிறது, போட்டுப் பார்ப்பேன், கள்ளமாக அட்டை தட்டின ஒவ்வொருவரையும் வெளியே அனுப்புவேன் என்றார். அவர்கள் எல்லோருடைய பெர்மெஸ்ஸோவும், இந்த நாட்டில் இருக்க விடுகிற அந்த அனுமதி, அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். சொல்ல எனக்கு நிறைய இருந்தது. நீங்கள் அளந்தது ஒரு மனிதனை அல்ல, ஒரு கூட்டத்தை. அளவுகோல் பிழை. மேசையை மேசையாக அளந்திருந்தால் ஒரு குறையும் இல்லை, வேலை முழுக்க நேரத்துக்கு முடிந்துதானே போனது. இத்தாலி மொழியில் வசனத்தைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். அப்போது அந்த மடங்காத விரல்கள் என் முழங்கையில் வந்து முட்டின.

"ரீச்சர், நான் சொல்லுறதை மட்டும் சொல்லுங்கோ. எனக்கு அலுத்துப்போச்சு. கொந்தராத்துக் கிடைக்கப்போகுது எண்டு தெரிஞ்ச உடனை நான் கையை விட்டிட்டன். சோம்பல். வேறை ஒண்டுமில்லை."

நான் சொல்லவில்லை. என்னால் ஏலாமல் போய்விட்டது. முதலாளி என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். அந்த மனிதர் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீட்டுக் கைச் சட்டையைச் சூட்டுக் காயத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த இத்தாலியில் தானே சொன்னார். இயோ பிக்ரோ. நான் சோம்பேறி. சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார், சோம்பேறி சிரிக்கிறமாதிரி. முதலாளி நம்பிவிட்டார். மூன்று மாதக் கொந்தராத்து முடிய, அதை நீட்டவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிஸ்டத்தில் அவருடைய அந்த வேகம் அப்படியே கிடந்தது. முதலாளி அதையே எல்லோருக்கும் இலக்காகப் போட்டுவிட்டார். ஒருவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது என்றார். அதை எடுத்துவிடுங்கள், அது ஒரு மனிதனின் வேகமே இல்லை என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். சோம்பேறியாக இருந்தவனே மனம் வைத்தால் அவ்வளவு செய்தானே, நல்ல வேலையாட்கள் இன்னும் கூடச் செய்யலாம்தானே என்றார். அதற்குரிய மறுமொழியை விரல் மடங்காதவர் தன் வாயாலேயே மூடிவிட்டுப் போயிருந்தார்.

முல்லைத்தீவுக்காரி அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வந்து கடைசிக் கதிரையில் இருந்து நித்திரை கொள்வாள். கையிரண்டும் மடிக்குள் கிடக்கும், மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கும். ஒருநாள் கரும்பலகையில் வட்டம் ஒன்று வரைந்து அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தபோது கண் விழித்துப் பார்த்தாள். அந்தக் கட்டுக்களைத்தான், ரீச்சர், சிஸ்டம் இப்ப எங்களிட்டைத் திருப்பிக் கேக்குது என்றாள். நான் வட்டத்தை அழித்துவிட்டு வகுப்பை அன்றைக்குச் சீக்கிரமாக முடித்தேன். பிறகு கொஞ்ச நாளில் வகுப்பே நின்றுபோனது. எல்லோருக்கும் ஞாயிறும் வேலை.

அடுத்த வருடம் தவக்காலத்தில் ஸ்தாசியோனே சென்ட்ராலே முன்னால் அவரைக் கண்டேன். பொலிதேயாமாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கொந்தராத்து இல்லாமல் கோப்பை கழுவுகிறாராம். சூட்டுக் காயம் ஆறித் தோல் வெளுத்திருந்தது. நான் கேட்கத் தயங்கியதை அவரே சொன்னார். மகளுக்குப் போன மாதம் பதினெட்டு.

"அவள் இனி வரேலாது, ரீச்சர். கொந்தராத்துக் கிடைச்சாலும் மனிசியை மட்டும்தான் கூப்பிடலாம் எண்டு சொல்லுகினம். குமர்ப்பிள்ளையை அங்கை ஆரிட்டை விட்டிட்டு அவ வாறது? நான் வர வேண்டாம் எண்டிட்டன்."

அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. ஏறக் காலை வைத்தவர் திரும்பி, மடிக்கிற மேசைப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், தன்னால் அவர்களுக்கு ஒரு கரைச்சலும் வரவில்லையே என்று கேட்டார்.

உள்ளதை உள்ளபடி போடுங்கள், பொய்க் கணக்குப் போட்டால் சிஸ்டமே நாசம் என்று ஞாயிற்றுக்கு ஞாயிறு தொண்டை கிழியக் கத்தினவள் நான்.

"ஒரு கரைச்சலும் இல்லைத் தம்பி," என்றேன். "எல்லாரும் நல்லா இருக்கினம்."

"அது காணும்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குள் ஏறிப் போனார்.